கடலில் ஒரு தோட்டம்

கடற்பாசி வளர்ப்புக் கடலை மீட்கும் என்று ஒரு புதிய வேதம் இந்நாளில் ஓதப்படுகின்றது. நிலம் வேண்டா, நன்னீர் வேண்டா, உரம் வேண்டா, கயிற்றில் பாசித்துண்டை முடிந்து அலையில் விட்டால் நாற்பத்தைந்து நாளில் பொன் விளையும், காற்றின் கரியைப் பாசி விழுங்கும், மீன் பெருகும், கரையோர ஏழைப் பெண்டிர் வாழ்வு மலரும் என்பன அவ்வேதத்தின் வாக்கியங்கள். இவற்றில் உண்மையே இல்லை என்று வாதிடுவது என் நோக்கமன்று. பாதி உண்மை இருக்கின்றது. மறைக்கப்பட்ட மறுபாதி நம் பள்ளிக்கூடங்களுக்குள்ளும் மறைக்கப்பட்டே வருகின்றது என்பதுதான் என் வழக்கு.

அண்மையில் கிள்ளானில் நடந்த மாணவர் கட்டுரைப் போட்டி ஒன்றுக்கு நடுவராக இருந்தேன். தலைப்பு, கடல்வளம் காப்போம் என்பது. நாற்பதுக்கு மேற்பட்ட தாள்களைப் படித்தேன். பெரும்பாலான தாள்களில் கடற்பாசி வந்தது; அதே அடைமொழிகளோடு, அதே வரிசையில் வந்தது. ஆனால், அப்பாசியை நடுகின்றவர் யார், பறிக்கின்றவர் யார், எந்தக் கடலில், எவருடைய இசைவோடு நடுகின்றார், விற்றால் எவர் கைக்கு என்ன சேர்கின்றது என்று கேட்ட தாள் ஒன்றுகூட இல்லை. கடலைப் பற்றி எழுதிய கட்டுரைகளில் கடலோரத்து மனிதர் ஒருவர்கூடத் தென்படவில்லை. இதனை மாணவர் குற்றம் என்பேனல்லேன். மாதிரிக் கட்டுரையைக் கரும்பலகையில் எழுதி, அதனை மனப்பாடம் செய்க என்று பணித்த நம்மவர் குற்றம் அது.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். கடற்பாசிக்கு வேர் இல்லை. தன் உடல் முழுவதாலும் நீரிலிருந்து தழைச்சத்தையும் மணிச்சத்தையும் ஈர்த்துக்கொள்கின்றது. வயல்களிலிருந்தும் நகரச் சாக்கடைகளிலிருந்தும் கடலில் வந்து சேரும் இச்சத்துகள் மிகுமானால் நீர் பச்சையாகி, உயிர்வளி குன்றி, மீன் சாகும். பாசியை வளர்த்து அறுத்து வெளியேற்றும்போது அச்சத்துகளும் வெளியேறுகின்றன. பாசிப் பரப்பின் நிழலில் மீன்குஞ்சு ஒதுங்குவதும் உண்மையே. ஆனால், கரியை விழுங்குகின்றது என்ற பேச்சைச் சற்று நிறுத்திப் பார்த்தல் வேண்டும். விழுங்கிய கரி எங்கே போகின்றது? அறுத்த பாசி கடலடியில் புதைவதில்லை. உலர்த்தப்பட்டு, மூட்டை கட்டப்பட்டு, ஆலைக்குப் போய், காரத்தில் வெந்து, காராகீனன் என்னும் கூழ்ப்பொருளாகிப் பற்பசையிலும் பனிக்கூழிலும் டப்பா இறைச்சியிலும் கலந்து நம் வயிற்றுக்கு வருகின்றது. அதன் கரி மூச்சாகவும் கழிவாகவும் மீண்டும் வெளியே செல்கின்றது. அறுவடைக்குமுன் உதிர்ந்து ஆழத்தில் தங்கும் சிறு பங்கைத் தவிர, மற்றது கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்த கணக்கே.

இனி, மன்னார் வளைகுடாவுக்கு வருவோம். இராமநாதபுரம் மாவட்டம் நமக்கு அயல்நிலமன்று. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடை வைத்து நிலைத்த குடும்பங்கள் சிலவற்றின் பாட்டன் ஊர் அக்கரையில்தான் இருக்கின்றது. பாம்பன், மண்டபம், சின்னப்பாலம் முதலிய ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலுள் மூழ்கிப் பாசி எடுத்து வருகின்றனர். நாட்டுப் படகில் தீவுகளை அடைந்து, பவளப்பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணிச்சுருள் சுற்றி, கண்ணாடி அணிந்து, காலில் இரப்பர்ச் செருப்பு மாட்டி, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கி இறங்குவர். கொரியாவின் செசுத் தீவில் மூழ்கும் பெண்களை உலகம் படம் பிடித்துக் கொண்டாடுகின்றது; யுனெஸ்கோ 2016ஆம் ஆண்டில் அவர்தம் மரபினைப் பட்டியலில் சேர்த்துச் சிறப்பித்தது. நம் மொழி பேசும் பெண்கள் செய்யும் அதே வேலை நம் நூல்களில் ஒரு பத்தி அளவுக்கும் இடம்பெறவில்லை.

அப்பெண்களிடம் உள்ள சொற்களைக் கேளுங்கள். கூழ்ப்பொருள் செறிந்து, பாறையில் அடர்ந்து, மெதுவாக வளர்வது மரிக்கொழுந்துப் பாசி. கஞ்சி காய்ச்ச உதவுவது கஞ்சிப் பாசி. பழுப்பு நிறத்தில் நீண்டு மிதப்பது கட்டக்கோரை. முறுக்கிய முனைகளோடு பொரித்த பண்டம் போல் தோன்றுவது பக்கோடாப் பாசி. முதலிரண்டும் மதுரையைச் சுற்றியுள்ள அகர் ஆலைகளுக்குப் போகும். மற்ற இரண்டும் ஆல்ஜினேட் எடுக்கப் போகும். அறிவியலார் இலத்தீனில் பிரித்துக் காட்டும் இனங்களை இப்பெண்கள் தமிழில் பிரித்து வைத்திருக்கின்றனர். ஐந்திணையைக் கற்பிக்கும் நாம் கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் என்கின்றோம். கருப்பொருள்களை அட்டவணை இட்டு, உணவு மீன், தொழில் உப்பு விளைத்தல் என நிரப்பச் செய்கின்றோம். நெய்தல் நிலத்துப் பெண்ணொருத்தி நேற்றுக் காலை சொன்ன சொல் அந்த அட்டவணையில் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய நெய்தல் நமக்குப் பாடம். இன்றைய நெய்தல் நமக்குச் செய்தியும் இல்லை.

அவர்களுக்கு நேர்ந்தது என்ன? 1986ஆம் ஆண்டில் இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் கடல்சார் தேசியப் பூங்கா என அறிவிக்கப்பட்டன. 1989இல் பரந்த பகுதி உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. பவளத்தைக் காக்க வேண்டியது தேவையே. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி ஏற்றிய கொடுமை அக்கடலில் நெடுங்காலம் நடந்தது. ஆயினும் சட்டத்தின் கை, பாறையை உடைத்தவன் மீது விழுந்தது போலவே பாறைமேல் படர்ந்ததைப் பறித்தவள் மீதும் விழுந்தது. தாயும் பாட்டியும் இறங்கிய நீரில் இறங்கியதற்காகப் பெண்கள் தடுக்கப்பட்டனர். படகும் பாசியும் பறிபோயின. பெண்கள் அழுதுகொண்டு வீட்டில் இருந்துவிடவில்லை. ஒன்று கூடினர். தமக்குத் தாமே விதி வகுத்தனர். மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே பறிப்பது, மற்ற நாள் பாசி மீண்டும் தழைக்க விடுவது. உலோகக் கருவி கொண்டு சுரண்டாது கையாலேயே பறிப்பது. மீன் இனம்பெருக்கும் நாற்பத்தைந்து நாளில் கடலுக்கே போகாதிருப்பது. சின்னப்பாலத்துப் பெண்களின் தலைவியரில் ஒருவரான இலட்சுமி மூர்த்திக்கு 2015ஆம் ஆண்டில் சீகாலஜி என்னும் அமெரிக்க நிறுவனம் தன் பரிசினை அளித்தது. கடலை மீட்கும் வேளாண்மை என்று எதற்கேனும் பெயரிட வேண்டுமாயின் அப்பன்னிரண்டு நாள் விதிக்குத்தான் பெயரிட வேண்டும். அதனை வகுத்தவர் பட்டம் பெற்றவர் அல்லர். மாதிரிக் கட்டுரை படித்தவரும் அல்லர்.

இதே கடலோரத்தில் வேறொரு கதையும் நடந்தது. காப்பாபைக்கசு என்னும் பாசி நம் பாசியன்று. பிலிப்பைன்ஸ் கடலுக்கு உரியது. ஆராய்ச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 1990களில் மண்டபத்துக் கடலில் வளர்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டளவில் பெப்சி நிறுவனம் உள்ளே வந்தது. பெண்கள் தன்னுதவிக் குழுக்களாகச் சேர்க்கப்பட்டனர். வங்கிக் கடன் வந்தது. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மூங்கில் மிதவைகள் வரிசை வரிசையாக மிதந்தன. ஒரு மிதவையில் ஏறத்தாழ 60 கிலோ விதைப்பாசி முடிந்தால் நாற்பத்தைந்து நாளில் அது நான்கு மடங்காகும். பணம் வந்ததை மறுப்பதற்கில்லை. பல வீடுகளில் பிள்ளைகளின் படிப்பு அம்மிதவைகளால் தொடர்ந்தது. 2005இல் தமிழ்நாட்டரசு ஆணை பிறப்பித்து, பூங்காவை ஒட்டிய மன்னார் வளைகுடாப் பகுதியை விலக்கி, பாக் நீரிணைப் பக்கத்திலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே இப்பாசியை வளர்க்கலாம் என்றது. 2008இல் குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் இப்பாசி படர்ந்து மூடிக்கிடப்பதை ஆய்வாளர் எழுதினர். பாசி போர்த்திய பவளத்துக்கு ஒளி இல்லை. ஒளியின்றி அதனுள் வாழும் நுண்ணுயிர்ப்பாசி இல்லை. அஃதின்றிப் பவளம் இல்லை. இப்பாசி இந்நீரில் வித்தால் பரவாது, துண்டுகளாலேயே பரவும், ஆகவே அடக்கிவிடலாம் என்று மறுத்த அறிஞரும் உண்டு. அலைக்குத் துண்டு எது, வித்து எது என்ற வேறுபாடு தெரியுமா என்பதே என் ஐயம்.

விளைச்சல் பெருகிப் பெருகி, உலர்பாசி ஆண்டுக்கு 1,500 டன்னை நெருங்கியது. 2013ஆம் ஆண்டை ஒட்டிக் கடல்நீர் சூடேறியது, நோய் தொற்றியது, பாசி வெளுத்து உதிர்ந்தது. ஒரே செடியின் துண்டுகளை ஆண்டுக்கணக்கில் வெட்டி வெட்டி நட்டால், ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும். தென்னமெரிக்க இலைநோய்க்கு அஞ்சி அஞ்சி இரப்பர் பயிரிட்ட நாட்டில் பிறந்த நமக்கு இதனை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒற்றைப் பயிர் என்பது நிலத்தில் இருந்தால் என்ன, நீரில் இருந்தால் என்ன? பெப்சி நிறுவனம் அதற்கு முன்பே இத்தொழிலை வேறொரு நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டுப் போயிற்று. கைமாற்றவும் இயலாது, போகவும் இடமின்றி நின்றவர் கரையோரப் பெண்களே. 2021 பிப்ரவரியில் இந்திய நிதியமைச்சர் தம் வரவுசெலவு உரையில் தமிழ்நாட்டுக்குப் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா ஒன்றை அறிவித்தார். 2023 செப்டம்பரில் இராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் ஏறத்தாழ 127 கோடி ரூபாய்த் திட்டமாக அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதுவும் பூங்கா, 1986இல் அறிவிக்கப்பட்டதும் பூங்கா. முதற்பூங்காவில் அப்பெண்களுக்கு இடமில்லை என்றனர். இரண்டாவது பூங்காவில் என்ன இடம் என்பதைக் கேட்க வேண்டாவா?

நம் நாட்டில் வணிக அளவில் கடற்பாசி விளைவது சபாவில்தான். 1978ஆம் ஆண்டில் செம்பொர்ணாவில் தொடங்கியது. குனாக், லாஹாட் டத்து, கூடாட் எனப் பரவியது. அங்கும் அதே பிலிப்பைன்ஸ் இனம். அங்கும் ஐஸ்-ஐஸ் என்று அழைக்கப்படும் வெண்ணோய். 2010இல் அறிவிக்கப்பட்ட பொருளாதார உருமாற்றத் திட்டத்தில் சபாவின் கடற்பாசி ஒரு தனித் திட்டமாகவே சேர்க்கப்பட்டது. அத்துறையில் புழங்கிய ஒரு பெயர் என்னைச் சுட்டது: மினி எஸ்டேட். கடலை அளந்து துண்டுபோட்டு, கயிற்று வரிசைகள் கட்டி, அதற்கு எஸ்டேட் என்று பெயரிட்டனர். ரும்பாய் லாவுட் என்னும் அழகிய மலாய்ச் சொல்லின் முன்னே நம் பாட்டன்மாரின் முதுகெலும்பை முறித்த சொல்லைக் கொண்டுவந்து நிறுத்தினர்!

எஸ்டேட் என்றால் என்ன என்று தமிழன் எவரிடமும் கேட்டு அறிய வேண்டியவன் அல்லன். உழைப்பவன் ஒருவன், உடையவன் வேறொருவன் என்பதே எஸ்டேட். விலை இறங்கினால் கூலி இறங்கும். விலை ஏறினால் நிலம் துண்டாடப்பட்டு விற்கப்படும். பால் மரம் வெட்டிய மண்ணில் செம்பனை வரும். செம்பனை இருந்த மண்ணில் வீடமைப்பு வரும். வந்த எதிலும் லயத்தில் பிறந்தவனுக்கு வீடு வராது. கிள்ளான் வட்டாரத்தில் வாழ்வோர் இதனைப் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலையின் இரு மருங்கும் பார்த்தால் போதும்.

செம்பொர்ணாவில் கயிற்றில் பாசி முடிந்து கூலி பெறுவோரில் நாடற்றவர் பலர். கடலிலேயே பிறந்து கடலிலேயே வாழும் பஜாவ் லாவுட் மக்களில் எத்தனையோ பேருக்குப் பிறப்புச் சான்றில்லை. ஆகவே பள்ளி இல்லை. 2024 ஜூன் மாதத்தில் துன் சக்காரான் கடல்சார் பூங்காப் பகுதியில் அவர்களுடைய குடில்கள் இடித்தும் எரித்தும் அகற்றப்பட்டன. பாதுகாப்பு என்றனர், சட்டம் என்றனர். சிவப்பு அடையாள அட்டை என்றால் என்னவென்று நம் முன்னோருக்குத் தெரியும். 1969இல் வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது, இந்நாட்டுக் காட்டை வெட்டித் தோட்டமாக்கிய ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் அயலாராகி ரஜுலா கப்பலில் ஏறினர். அந்நினைவை உடைய இனம் செம்பொர்ணாவைப் பற்றிப் பேசாதிருப்பது எனக்குப் புரியவில்லை. மாணவர் எழுதிய நாற்பது தாள்களில் பாசி வளர்ப்பால் சபா மக்கள் செழிக்கின்றனர் என்ற வாக்கியம் மட்டும் தவறாமல் இருந்தது.

"எல்லாவற்றையும் குறை கூறினால் ஏழை என்ன செய்வான்? வருகின்ற வருவாயையும் கெடுக்கலாமா?" என்று வினவும் அன்பர் உண்டு. ஆசிரியர் கூட்டங்களில் இக்குரல் உடனே எழும். நான் பாசி வளர்க்காதீர் என்று கூறவில்லை. எவ்வாறு, எதனை, எவர் உடைமையாக என்று கேட்கின்றேன். கஞ்சிப் பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் அந்த நீருக்கே உரியவை. அவற்றை வளர்க்கும் முறைகளை மண்டபத்து ஆய்வாளரே ஆராய்ந்திருக்கின்றனர். மரிக்கொழுந்து மெல்ல வளர்கின்றது, கஞ்சிப் பாசிக்கு விலை குறைவு என்பது மறுப்பு. மெல்ல வளர்வதுதான் அக்கடலின் கணக்கு. முதலீட்டாளரின் கணக்குக்கு நாற்பத்தைந்து நாள் வேண்டுமென்றால், அதற்காகப் பவளம் தன் கணக்கை மாற்றிக்கொள்ளாது. மிதவைக்கு வேண்டிய நெகிழிக் கயிறும் வெற்றுப் புட்டிகளும் அறுந்து கரை ஒதுங்கும்போது, அவற்றைப் பொறுக்குவது யார் கடமை என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதட்டும். கடலை மீட்க வந்தோம் என்பவர் முதலில் தம் குப்பையை மீட்கட்டும்.

உடைமையைப் பற்றிக் கேட்டால் அது நடவாத கனவு என்கின்றனர். பிரிக்பீல்ட்ஸில் நாளும் நாம் நடக்கின்ற சாலைக்கு எவர் பெயர்? துன் சம்பந்தன் பெயர். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், ஊர் ஊராக, லயம் லயமாகச் சென்று பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைத் தொழிலாளர் பெயரில் வாங்கிக் காட்டியவர் அவர். பால் மரம் வெட்டியவரே பால் மரத்துக்கு உடையவராகலாம் என்பது இந்த மண்ணில் ஒருமுறை நடந்திருக்கின்றது. அச்சங்கத்தின் பிற்கால வரலாற்றில் குறைநிறை உண்டு. அதனை இங்கே விரிக்கவில்லை. ஆனால் மிதவையும் கயிறும் விதைப்பாசியும் உலர்களமும் விற்பனை விலையும் கரையோரப் பெண்களின் கூட்டுறவுக்கு உரியனவாக இருக்கலாம் என்று கூறுபவன் ஆகாயத்தில் கோட்டை கட்டுகின்றான் என்று துன் சம்பந்தன் சாலையில் நின்றுகொண்டு எவரும் சொல்லக்கூடாது.

கிள்ளான் கடலிலும் பாசி மிதவை விட்டால் என்ன என்று எழுதிய மாணவரும் இருந்தனர். ஆர்வம் பாராட்டத்தக்கது, இடம் பொருந்தாது. கிள்ளான் ஆறு தலைநகரின் கழிவையும் வண்டலையும் சுமந்துவந்து கொட்டும் முகத்துவாரம் அது. நீர் கலங்கிச் சேறாயிருக்கும், ஒளி இறங்காது, ஈயம் முதலிய உலோகத்தைப் பாசி உறிஞ்சினால் அதனை உண்பவர் யார்? அக்கரைக்கு இயற்கை வகுத்த காவலர் வேறு. கெத்தாம் தீவிலும் கேரித் தீவின் ஓரங்களிலும் சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்டல் காடுகளே அவை. கேரித் தீவு, தோட்டத்துரை ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்பது. அவருக்கு முன்னும் பின்னும் அங்கே வாழ்கின்றவர் மா மெரி மக்கள். கடலை மீட்கும் பணி நம் வீட்டு வாசலில் செய்ய வேண்டியது என்று மாணவரை நாம் அழைத்துச் செல்வதாயின் அக்கண்டல் காட்டுக்கே அழைத்துச் செல்லவேண்டும். ஆற்றில் குப்பை கொட்டுவோர் யார் என்று வழியிலேயே காட்டவும் வேண்டும்.

"தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை? அறிவியல் ஆசிரியர் பார்த்துக்கொள்வார்" என்று ஒதுங்குவோரிடம் ஒன்று கேட்கின்றேன். அகார்-அகார் என்பது மலாய்மொழி உலகுக்கு ஈந்த சொல். தீபாவளித் திறந்த இல்லத்தில் அதனைத் துண்டு துண்டாக வெட்டித் தட்டில் அடுக்கி விருந்தினர்க்கு நீட்டுகின்றோம். அது கடலில் விளைந்தது என்று அறிந்த நம் மாணவர் எத்தனை பேர்? அதே பொருளுக்குத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் கடல்பாசி என்று நேரிய சொல் வழங்குகின்றதே, அதனை வகுப்பில் சொன்னவர் எத்தனை பேர்? சொல்லைக் காப்பது தமிழாசிரியன் வேலை இல்லையென்றால் வேறு எவன் வேலை? ஒரு சொல் அகராதியில் இருப்பதால் வாழ்வதில்லை. அச்சொல்லைப் பேசுகின்றவள் அத்தொழிலில் இருப்பதால் வாழ்கின்றது. பாசி பறிப்பவளைக் கடலிலிருந்து விலக்கி மிதவைக்குக் கூலியாக்கினால், இரண்டு தலைமுறையில் மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் போய்விடும். நிறுவனத்தின் விலைப்பட்டியலில் உள்ள பெயர் மட்டுமே எஞ்சும். நம் தோட்டங்களில் காண்டா வாளி, மங்கு, உளி, ஒட்டுப்பால் என்று வழங்கிய சொற்களை இன்று நம் மாணவருள் அறிந்தவர் எவர்? தோட்டம் போனது, சொல்லும் போனது. அச்சொற்களைத் தொகுத்துவைக்க நம் சங்கங்கள் விழித்தெழுந்தபோது, சொன்னவர்களில் பலர் மறைந்துவிட்டனர்.

ஆகவே ஆசிரியத் தோழர்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. ஐந்திணை அட்டவணையில் நெய்தலுக்கு எதிரே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்ற நான்கு பெயர்களை மாணவர் கையாலேயே எழுதச் செய்யுங்கள். அவற்றைப் பறிப்பவள் மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே ஏன் கடலில் இறங்குகின்றாள் என்ற வினாவை அடுத்து எழுதுங்கள். செம்பொர்ணாவில் கயிறு கட்டும் சிறுவனுக்கு ஏன் பள்ளி இல்லை என்பதை மூன்றாவது வினாவாக வையுங்கள். மாதிரி விடை எழுதிக் கொடுக்காதீர்கள்.